சிறைத் தண்டனை போனது, அலைச்சல் போனதா?

ஒரு சின்ன ஹோட்டல் திறக்கணும்னா என்னென்ன வேண்டும்? உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சியின் தொழில் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, தொழிலாளர் துறைப் பதிவு, ஜிஎஸ்டி எண் என்று பட்டியல் நீள்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இது பிரச்சினையே இல்லை. இதற்கென்றே அங்கு தனிப் பிரிவு இருக்கும். சின்னக் கடைக்காரரோ கடையைப் பூட்டிவிட்டுத்தான் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். அதனால் அலுவலகத் தடையும் நியாயமற்ற போட்டியும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள். சட்டத் திருத்தங்கள் இந்த இரண்டையும் சரிசெய்தனவா?

ஜன் விஸ்வாஸ் என்ன செய்தது?

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம், 42 மத்தியச் சட்டங்களில் இருந்த 183 பிரிவுகளைத் திருத்தியது. சிறு விதிமீறல்கள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி, அபராதம் மட்டும் ஆனது. அந்த அபராதமும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயரும். இதே வழியில் இரண்டாவது மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது.

இது நல்ல மாற்றம்தான். ஒரு படிவம் தாக்கல் செய்யத் தவறியதற்கு வியாபாரியை ஜெயிலுக்கு அனுப்புவோம் என்று மிரட்டுவது லஞ்சத்துக்குத்தான் வழி திறக்கும். ஆனால், இது தவறு செய்தவருக்கான தண்டனையைத்தான் குறைக்கிறது. எந்தத் தவறும் செய்யாமல் அனுமதிக்காகக் காத்துக்கிடப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

காலக்கெடு யாருக்கு?

வியாபாரி ஒருநாள் தாமதித்தால் அபராதம். அதிகாரி தாமதித்தால்? 2010-ல் மத்தியப் பிரதேசம் கொண்டுவந்த சேவை உத்தரவாதச் சட்டம் இதற்குப் பதில் சொன்னது. குறித்த நாளுக்குள் சேவை தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். கர்நாடகா, கேரளா போன்ற மாநிலங்களும் இதேபோன்ற சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டில் தொழில் அனுமதிகளுக்கு ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. 2018-ல் இதற்குத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால், சேவை பெறுவதை எல்லோருக்குமான உரிமையாக்கும் சட்டம் வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை.

போட்டிச் சட்டம் கைகொடுக்கிறதா?

அனுமதியெல்லாம் வாங்கிக் கடையைத் திறந்தாச்சு. அடுத்து, அடக்க விலைக்கும் கீழே விற்று வாடிக்கையாளரை இழுக்கும் பெரிய நிறுவனத்தோடு மோத வேண்டும். போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தில் இப்படி விற்பதை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், அதில் ஒரு நிபந்தனை உண்டு. விற்பவர் சந்தையில் 'ஆதிக்க நிலையில்' இருக்கிறார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

இதன் விளைவு என்ன என்பதற்குச் சென்னையின் ஃபாஸ்ட் ட்ராக் கால்டாக்சி நிறுவனத்தின் வழக்கே சாட்சி. பெங்களூருவில் ஓலா, பயணிகளுக்குத் தள்ளுபடியும் ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்து நஷ்டத்தில் தொழில் செய்து போட்டியாளர்களை ஒழிக்கிறது என்று அது 2015-ல் புகார் கொடுத்தது. 2017-ல் போட்டி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. ஊபரும் களத்தில் இருப்பதால் ஓலா ஆதிக்க நிலையில் இல்லை என்பது ஆணையத்தின் முடிவு. இரண்டு நிறுவனங்களைச் சேர்த்து ஆதிக்கம் என்று கொள்ளவும் சட்டத்தில் இடமில்லை. அதாவது, முதலீட்டாளர் பணத்தில் இரண்டு யானைகள் மோதிக்கொண்டால், காலடியில் மிதிபடும் புல்லுக்குச் சட்டத்தில் வழியில்லை.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டு ஆதிக்கத்தையும் சேர்த்து 2012-ல் ஒரு திருத்த மசோதா வந்தது. மக்களவைக் காலம் முடிந்ததும் காலாவதியானது. 2023 திருத்தம் பல நல்ல மாற்றங்களைச் செய்தது. நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலைக் கணக்கில் கொண்டு அபராதம் விதிக்கலாம். 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவன இணைப்புகள், இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், ஆணையத்தின் அனுமதிக்கு வர வேண்டும். ஆனால், கூட்டு ஆதிக்கம் மட்டும் அதில் இடம்பெறவில்லை. பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதிகள் வகுக்கும் மசோதா 2024 மார்ச்சில் வெளியானது. அதுவும் வரைவாகவே நிற்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருதும் விதி, ஆபத்து குறைந்த தொழில்கள் அனைத்துக்கும் வர வேண்டும். தீ, உணவு, மாசு சார்ந்த பாதுகாப்பில் சமரசம் கூடாது. அங்கே தாமதிக்கும் அதிகாரிக்கு அபராதம் போதும். இரண்டாவது, கூட்டு ஆதிக்கத்தைப் போட்டிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, விலைக் குறைப்புப் புகார்களில் சில மாதங்களுக்குள் இடைக்கால முடிவு வேண்டும். இடைக்கால உத்தரவு போட ஆணையத்துக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு, அதற்குள் மூடிய கடையைத் திறக்காது.

தள்ளுபடி நுகர்வோருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். போட்டியாளர்கள் இருக்கும்வரை நல்லதுதான். தெருமுனைக் கடையும் உள்ளூர் டாக்சியும் போன பிறகு விலையை யார் தீர்மானிப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.