பல்லின் மேல் போடும் பழி

மாத்தளை நகரைக் கடந்து தம்புள்ளைப் பக்கம் போகும் ஏ9 வீதியில், அலுவிகாரையைத் தாண்டியதும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கும். மிளகுக் கொடி, கொக்கோ, சாதிக்காய், ஏலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி வரும் வழிகாட்டி, கடைசியில் சிறு போத்தல்கள் அடுக்கிய கடையில் கொண்டுபோய் விடுவார். அந்தப் போத்தல்களில் ஒன்று கராம்பு எண்ணெய். பல்வலிக்குக் கைகண்டது என்பார்கள். வளர்ந்தவரின் சொத்தைப் பல்லுக்கு அது பொருந்தும். கராம்பு விளையும் இந்த மாவட்டத்தில் அதன் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் பெரியது; பருவம் வந்தால் பல வீட்டு முற்றங்களில் பாய் விரித்துக் கராம்பு காய்வதைக் காணலாம், தெருவே மணக்கும்.

ஏழு மாதப் பிள்ளை இரவெல்லாம் சிணுங்கி, கையைக் கடித்து, வாணி வடித்துக்கொண்டிருக்கும்போது பாட்டியின் கை அந்தப் போத்தலைத் தேடிப் போவது இதனால்தான். "ஒரு சொட்டு ஈறுல தடவுனா புள்ள தூங்கிரும்" என்பது அன்பில் வரும் பேச்சு. ஆனால் அந்தக் கையைத் தடுத்தே ஆக வேண்டும்.

கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனோல் என்ற வேதிப்பொருள். ஈறை மரத்துப்போகச் செய்வது அது; அளவு மீறினால் ஈரலைத் தாக்குவதும் அதுவே. பிரித்தானியக் குழந்தை மருத்துவ இதழொன்றில் 1993இல் ஒரு சம்பவம் பதிவானது. இரண்டு வயதுப் பையன் 5 முதல் 10 மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயைக் குடித்துவிட்டான். அதாவது ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு. வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, ஈரல் பழுதடைந்தது, இரத்தம் உறையும் தன்மையும் கெட்டது. தீவிர சிகிச்சைக்குப் பிறகுதான் பிழைத்தான். தடவுவது ஒரு சொட்டுத்தானே என்று கேட்கலாம். கலப்பில்லாத எண்ணெய் ஒரு சொட்டே பிஞ்சு ஈறைப் புண்ணாக்கும். பிள்ளை துப்பாது, விழுங்கும். முதல் இரவு ஒரு சொட்டு, மறு இரவு இரண்டு. மூடி இறுகாத போத்தலோ பாயின் ஓரத்திலேயே கிடக்கும், தவழத் தொடங்கும் வயதில்.

பாமசியில் விற்பவை எல்லாம் பாதுகாப்பானவை என்றும் எண்ணிவிடக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்த பல் ஜெல்களை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்துமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைப் பென்சோகெய்ன் கெடுத்துவிடக்கூடும். இங்கிலாந்தில் பல் முளைக்கும் பிள்ளைக்கென்று விற்ற பொடிகளில் பாதரசம் இருந்தது. கை கால் சிவந்து, தோல் உரிந்து குழந்தைகள் வாடிய நோய்க்குக் காரணம் அதுதான் என்று தெரிந்து அவற்றை நிறுத்துவதற்குள் 1950கள் வந்துவிட்டன. நைஜீரியாவில் நடந்தது இன்னும் கொடுமை. 2008இன் இறுதியில் 'மை பிக்கின்' என்ற பெயரில் விற்ற பல் முளைப்புப் பாணியில் டையெத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சு கலந்திருந்தது. 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தாய்மார் அதை வாங்கியது பிள்ளையின் ஈறு நோவைத் தணிக்கத்தான்.

இத்தனை மருந்தும் எதற்காக? பல் முளைப்பது நோயே இல்லை. ஆறு மாதமளவில் கீழ்வரிசையின் நடுப் பற்கள் இரண்டும் முதலில் எட்டிப் பார்க்கும். சில பிள்ளைகளுக்கு நாலு மாதத்திலேயே, சிலருக்கு ஒரு வயதில். மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்து முடியும். யாழ்ப்பாணத் தமிழ் வீடுகளில் முதல் பல்லைக் கண்டதும் கொழுக்கட்டை அவித்து, அதில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்து, பிள்ளையின் தலையில் கொட்டிக் கொண்டாடுகிறார்கள். பல்லை விருந்தாளியாக வரவேற்கும் அழகான வழக்கம் அது.

அதே பல்லின் மீதுதான் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, இருமல் என்று எல்லாப் பழியும் விழுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனை ஆய்வாளர்கள் 125 குழந்தைகளை நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை தொடர்ந்தார்கள். பெற்றோர் நாள்தோறும் உடல் சூட்டை அளந்து குறித்தார்கள். 2000இல் வெளிவந்த முடிவு தெளிவானது. பல் வரும் முன்பின் சில நாட்களில் கடித்தல், வாணி வடிதல், ஈறைத் தேய்த்தல், எரிச்சல், கட்டி உணவில் விருப்பமின்மை ஆகியவை கூடின. சூடும் சற்றே ஏறியது. 102 பாகையைத் தாண்டும் காய்ச்சலுக்கும், வயிற்றோட்டத்துக்கும், வாந்திக்கும், இருமலுக்கும் பல்லோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

பிறகு ஏன் எல்லாத் தாய்மாரும் இரண்டையும் சேர்த்தே காண்கிறார்கள்? அவர்கள் கண்டது உண்மை, கணக்குத்தான் மாறிவிட்டது. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைவது ஆறு மாதமளவில். திட உணவு தொடங்குவதும் அப்போதுதான். தரையில் தவழ்ந்து கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பதும் அந்த வயதில்தான். கிளினிக்கில் ஐங்கூட்டுத் தடுப்பூசியின் மூன்றாவது ஊசி போடுவதும் ஆறாம் மாதம். இத்தனையும் கூடி வரும் மாதத்தில் பல்லும் வருகிறது, பழியைச் சுமக்கிறது.

'பல்லுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்த கணமே தேடல் நின்றுவிடுகிறது. டெங்கு வந்துபோகும் மாவட்டம் இது. பல்லுக்காக இபுபுரூஃபன் பாணி கொடுத்த பிள்ளைக்கு இருந்தது டெங்கு என்றால், இரத்தக்கசிவு வரை போகலாம். வயிற்றோட்டம் பல்லால்தான் என்று மூன்று நாள் காத்திருந்தால் பிள்ளை நீரிழந்து கண் குழிந்துவிடும். அதற்கு வேண்டியது தாய்ப்பாலும் ஜீவனியும் வைத்தியரும். காய்ச்சல் 100.4 பாகையைத் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

பல்லின் உண்மையான நோவுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்ப்பது பெரிய ஆறுதல். கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயன் அறையில் மண்பானை நீரின் குளிர்ச்சியே போதும். எல்கடுவ, ரத்தோட்டை மலைகளில் விடியற்காலை நீர் தானாகவே சில்லென்றிருக்கும். கெட்டியான இறப்பர் வளையம் இருந்தால் நல்லது, உறைய வைத்தது வேண்டாம். வாணியை அடிக்கடி ஒற்றி எடுத்து வசலீன் பூசினால் தாடை புண்ணாகாது. கழுத்தில் மணி மாலையோ கயிறோ கூடாது, தூக்கத்தில் இறுக்கிவிடும். பச்சைக் கரட் துண்டு தொண்டையில் சிக்கும். தேன் ஒரு வயதுக்கு முன் ஆகாது. பிள்ளை மிகவும் அவதிப்பட்டால் பரசிற்றமோல் உண்டு; ஆனால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து, மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ கேட்டுத்தான். இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் மடி.

அந்த மடி கிடைப்பதுதான் தேயிலைத் தோட்டத்தில் கடினம். பேறுகால விடுமுறை 12 வாரம். பிள்ளைக்கு முதல் பல் வரும் காலத்தில் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், பிள்ளை பிள்ளைக் காம்பராவில் இருக்கும். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தருகிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி. ஆனால் மலை மேட்டிலிருந்து இறங்கி ஏறுவதிலேயே அந்த அரை மணி கரைந்துவிடும். கொழுந்தின் நிறைக்குக் கூலி என்று வந்தால் இறங்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நடந்து போய் வரும் நேரத்தைச் சேர்க்காமல் பாலூட்டும் நேரத்தைக் கணக்கிட வேண்டும், அந்த நேரத்துக்காக நாட்கூலியில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும்; அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா அளந்த சூட்டைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்தால் மிட்வைஃப் வரும்போது ஊகிக்க வேண்டியதில்லை. ஏ9 ஓரத்துக் கடைகளில் விற்கும் கராம்பு எண்ணெய்ப் போத்தலிலும், 'குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்' என்ற ஒரு வரி தமிழிலும் சிங்களத்திலும், பாட்டியின் கண்ணுக்குத் தெரியும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.