டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

மூணாறுக்குப் போய் வந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "டாப் ஸ்டேஷன் பார்த்தோம், அடடா, ஒரே மேகம்!" என்பார்கள். கையோடு நாலு புகைப்படங்களையும் எடுத்து நீட்டுவார்கள். "அது சரி, ஸ்டேஷன் என்கிறீர்களே, ரயில் எங்கே?" என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

ரயில் இருந்தது, சகோதரிகளே! சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி ரயில் ஓடியது. அது போன இடம் தெரியாமல் போய் நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் மலையுச்சியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பாழடைந்த கோட்டை, கைவிட்ட சுரங்கம், காடு மூடிய பங்களா என்று தேடிப் போகிற ஒரு கூட்டம் மேல்நாட்டில் உண்டு. நம் ஊரில் அந்த ஆசை வந்தவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கைப் போல வாய்த்த இடம் வேறொன்று கிடைப்பது கஷ்டம். பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவர மலையைக் குடைந்த சுரங்கம் இங்கேதான் இருக்கிறது. பென்னிகுவிக் துரை அணை கட்டி முடித்து 1895-இல் திறந்த அந்தச் சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 5,700 அடி. ஆனால் அதற்குள் போய்ப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அது கைவிட்ட சுரங்கம் அல்ல. இன்றைக்கும் தண்ணீர் பாய்கிற சுரங்கம். தேனியிலும் மதுரையிலும் நெல் விளைவது அந்தப் புண்ணியத்தால்தான்.

கைவிட்ட இடம் பார்க்க வேண்டுமானால் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிப் பக்கம் திரும்ப வேண்டும்.

கதை 1902-இல் ஆரம்பிக்கிறது. மூணாறு மலைகளில் தேயிலை பயிரிட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சங்கடம். தேயிலை கப்பலேற வேண்டும். ஆனால் மலையிலிருந்து இறங்க நல்ல வழி இல்லை. மூணாறிலிருந்து மலையின் கிழக்கு விளிம்பு வரை ஒரு வண்டிப் பாதை போட்டார்கள். அதன் ஓரமாகவே ஒற்றைத் தண்டவாளம் ஒன்றையும் பதித்தார்கள். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலை மேல் உருளும். இழுத்துக்கொண்டு போவது யார் தெரியுமா? நம்முடைய காளை மாடுகள்தான்! "மோனோ ரயில்" என்றால் ஏதோ பட்டணத்துப் புதுமை என்று நினைக்கிறோம். மாடு பூட்டிய மோனோ ரயிலை மலை மேல் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

1908-இல் மாடுகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு, நீராவி எஞ்சின் வைத்த குட்டி ரயிலையே விட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை என்று வந்து, மலை விளிம்பில் போய் நிற்கும். அதற்கு மேல் ரயில் போக முடியாது. கீழே அதல பாதாளம்.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கின. சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் இரும்புக் கயிற்றுப் பாதை. இப்போதுள்ளவர்களுக்குப் புரியும்படி சொன்னால் 'ரோப்வே'. அதன் மேல் முனைதான் டாப் ஸ்டேஷன். நடுவே ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். அடியில் கொட்டகுடியில் இருந்தது பாட்டம் ஸ்டேஷன். சென்னையில் ஒரு சென்ட்ரல்தான் உண்டு என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். தேனி மாவட்டத்துக் காட்டுக்குள்ளும் ஒரு சென்ட்ரல் இருக்கிறது, பிளாட்பார டிக்கெட் இல்லாமல்!

கொட்டகுடியிலிருந்து பெட்டிகள் மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் போய்ப் போடியை அடையும். போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். அதுவரை பெட்டிகள் போடியையும் தாண்டி ரயில் பாதையைத் தேடிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் சீமைக்குப் போய், யாரோ ஒரு துரைசானியின் கோப்பையில் விழும். நாம் ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரத்தில் இத்தனை சக்கரங்களை நினைத்துப் பார்க்கிறோமா?

1924-ஆம் வருஷம் ஜூலை மாதம் மழை பிடித்துக்கொண்டது. மலையாள நாட்டுப் பெரியவர்கள் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099 அது. மலைகள் சரிந்தன, பாலங்கள் போயின, தண்டவாளங்களை ஆறு வாரிக்கொண்டு போனது. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. மேலே ரயில் போய் நாலு வருஷத்தில் கீழே போடிக்கு ரயில் வந்தது என்பதைத் தலையெழுத்து என்பதா, வேடிக்கை என்பதா? சாலைகள் பெருகி லாரிகள் ஏறத் தொடங்கிய பிறகு கம்பிப் பாதைக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

இன்று அங்கே போனால் என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாஜ்மகாலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. சில கற்கட்டடங்களின் மிச்சம், புதர் மூடிய அஸ்திவாரங்கள், அவ்வளவுதான். மூணாறில் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. எஞ்சினின் சக்கரம் ஒன்றை நல்லதண்ணித் தோட்டத்துத் தேயிலை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அதைக் காட்டாமல் வராதீர்கள். ஒரு ரயிலில் மிஞ்சியது ஒரு சக்கரம் என்றால் குழந்தைகள் நம்ப மாட்டார்கள்.

கம்பியில் தேயிலை இறங்கியது. மனிதர்கள் நடந்துதான் ஏறினார்கள். தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் சமவெளியிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் இப்படிப்பட்ட மலைவழிகளில்தான் பிள்ளையை இடுப்பிலும் சட்டி பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு போயின. 2015 செப்டம்பரில் மூணாறு ஸ்தம்பித்துப் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? போனஸைக் குறைத்ததற்காக ஆயிரக்கணக்கான பெண்கள், ஆண் தலைவர்களை 'நீங்கள் தள்ளி நில்லுங்கள்' என்று ஒதுக்கிவிட்டு, ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து ஜெயித்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். இன்றும் விடியற்காலையில் போடியிலும் கம்பத்திலும் நின்று பார்த்தால், ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களைக் காணலாம். நம் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய் அவர்கள் கை பட்டது.

இனி, "நாங்களும் அந்த வழியில் நடக்கலாமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். குரங்கணி என்ற பெயரைக் கேட்டவுடன் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும். மாறத்தான் செய்யும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் இறங்கும்போது காட்டுத் தீயில் அகப்பட்டுக்கொண்டார்கள். இருபத்து மூன்று உயிர்கள் போயின. மகளிர் தினத்தை ஒட்டி வந்த பெண்கள் அவர்களில் அநேகர். படித்து, உத்தியோகம் பார்த்து, வாரக் கடைசியில் இரண்டு நாள் மலைக்காற்று வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள். முதலில் ஓடிப் போய்த் தூக்கியவர்கள் மலைக் கிராமத்து ஜனங்கள். பிறகுதான் ஹெலிகாப்டர்கள் வந்தன.

"பெண்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். நெருப்புக்கு ஆண், பெண் தெரியாது. தெரிய வேண்டியது நமக்குத்தான். மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும்; கீழே எரிகிற ஜுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. ஓடுகிற மனிதனைவிட அது விரைவு. ஆகவே மலையில் தீயைக் கண்டு உச்சியை நோக்கி ஓடுவது கூடாது. ஏற்கனவே எரிந்து கரியான இடமோ, புல் இல்லாத பாறையோ, நீரோடையோதான் அடைக்கலம்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுவதும் நாற்பது வழிகளைத் திறந்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. குரங்கணி–சாம்பலாறு வழி அவற்றில் ஒன்று. தீப் பருவத்தில் இந்த வழிகளை மூடிவிடுவார்கள். அப்போது 'தெரிந்த ஆள் இருக்கிறார், கூட்டிப் போகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்தத் தெரிந்த ஆளை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னையிலிருந்து போடிக்கே ரயில் வந்துவிட்டது. 2010 கடைசியில் நின்றுபோன மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்பவும் ரயிலைக் கண்டது. போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறி, மூணாறைச் சுற்றி டாப் ஸ்டேஷனுக்குக் காரிலேயே போகலாம். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் ஒரு எலுமிச்சம் பழம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிட்டால், கீழே கொட்டகுடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குறிஞ்சி பார்க்க வேண்டும் என்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல்தான்.