ஒட்டணும், அப்புறம் ஓடணும்!

போன மாதம் பதினெட்டாம் தேதி என் செல்போன் செத்துப்போனது. லேசான சாவு இல்லை. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன் (இந்தப் பத்தியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா, சொல்லுங்கள்). அவருடைய கொள்முதல் பில்களையெல்லாம் போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தேன். இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும். 'பேக்கப் எடுக்கலையா?' என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

குற்றவாளி நான்தான். ஸ்கூட்டரில் போகும்போது சட்டைப் பையிலிருந்து எட்டிக் குதித்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. உயிர் மட்டும் போய்விட்டது.

அல்லிநகரத்தில் ஒரு பெட்டிக்கடை சைஸ் ரிப்பேர் கடை. தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். "போர்டுல எங்கயோ ஷார்ட்டுண்ணே" என்றான். போர்டைக் கழற்றி மேலே ஆல்கஹாலைத் தடவி (குடிக்கிற சமாச்சாரம் இல்லை), பவர் சப்ளையிலிருந்து துளியூண்டு கரண்ட் கொடுத்தான். ஒரே ஒரு இடம் மட்டும் சட்டென்று காய்ந்தது.

"அந்தா, சூடாகுதுல்ல? அவந்தாண்ணே."

ட்வீசரால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். கடுகில் பாதி. தும்மியிருந்தால் தொலைந்திருக்கும்.

இதன் பெயர் பல அடுக்கு செராமிக் கெபாசிட்டர். ஒரு ஸ்மார்ட்போனுக்குள் ஆயிரம் பேர் வரை இப்படி உட்கார்ந்திருக்கிறார்களாம். கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒருவருக்கு உள்ளே விரிசல். "இதுக்குள்ள என்ன தம்பி இருக்கு?" என்றேன். "மண்ணுண்ணே" என்றான். பி.காம். படித்தவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

மண்தான். பேரியம் டைட்டனேட் என்கிற பீங்கான் பொடி. பொடியை அப்படியே பிடித்து வைத்தால் நிற்குமா? ஒரு பசையில் குழைத்து, ஒரு மைக்ரான் கனத்துக்கு மெல்லிசாக ஷீட் இழுக்கிறார்கள். மேலே நிக்கல் பேஸ்ட்டில் அச்சு. இப்படிச் சில நூறு ஷீட்டுகளை அடுக்கி, அழுத்தி, கடலைமிட்டாய் மாதிரி வெட்டி, சூளையில் சுமார் 1200 டிகிரியில் சுடுகிறார்கள். பிறகு இரண்டு முனைகளிலும் செம்புப் பேஸ்ட் தடவி மறுபடி ஒரு சூளை.

இந்தப் பசைதான் நம் கதாநாயகன். சுடுகிறவரைக்கும் எல்லாரையும் பிடித்து நிறுத்த வேண்டும். சூளையில் சூடு ஏறியதும் சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும். போகும்போது ஒரு பொட்டுக் கரிகூட விட்டுவிட்டுப் போகக்கூடாது. எங்கள் ஊர்ச் சுவரில் மைதா பசை போட்டு ஒட்டிய தேர்தல் போஸ்டர் அடுத்த தேர்தல் வரை போகாது. அந்த ஜாதியே இங்கே ஆகாது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்கிறேன்: சஸ்பென்ஸ் அக்கவுண்ட். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை அதில் போட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டவைப்போம். தப்பு அகப்பட்டதும் அது ஜீரோவாகிக் காணாமல் போக வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் நின்றாலும் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார்.

சிக்கல் செம்பில் வருகிறது. காற்றில் சுட்டால் செம்பு கறுத்துப்போகும். அதனால் நைட்ரஜனில் சுடுகிறார்கள். ஆக்சிஜனே இல்லாத இடத்தில் பசை எப்படி எரியும்? எத்தில் செல்லுலோஸ் என்று ரொம்ப நாளாகப் பழக்கத்தில் உள்ள ஒரு பசை உண்டு. காற்றில் சுட்டால் ஒழுங்காக எரிந்துபோகும். நைட்ரஜனில் கரியை விட்டுவிடும். விறகை மண் போட்டு மூடி மூட்டம் போட்டால் சாம்பலாகாமல் கரியாகிறதே, அதே கதை. கரி தங்கினால் ஓட்டை, கொப்புளம், சில சமயம் அடுக்கே பிரிந்துவிடும்.

இங்கேதான் அக்ரிலிக் வருகிறார். வக்கீல் வீட்டு வாசலில் பளபளக்கும் நேம் போர்டுக்குச் சொந்தக்காரர். இவருக்கு எரிய வேண்டிய அவசியமே இல்லை. 300, 400 டிகிரியில் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிற மாதிரி, சங்கிலி துண்டு துண்டாகக் கழன்று ஆவியாகிப் போய்விடும். (2010 கடைசியில் போன ரயில் 2022 மே மாதம்தான் தேனிக்குத் திரும்பி வந்தது. கழன்று போவது எங்களுக்குப் புரியும்.) அதற்காக அவசரப்படக்கூடாது. சூட்டைத் திடுமென ஏற்றினால் ஆவி முட்டி அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

அக்ரிலிக்கிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பிப் பதத்துக்கு வந்த வெல்லப்பாகு மாதிரி நூல் இழுக்கும். அச்சு சுத்தமாக விழாது. எத்தில் செல்லுலோஸ் அச்சுக்கு நல்ல பிள்ளை. ஒருவர் வேலையில் கெட்டி, இன்னொருவர் விடைபெறுவதில் கெட்டி. இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்றுதான் ரசாயனக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் ஜப்பான் கதை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் தொழிற்சாலை 2024-ல் சோலார் செல் தயாரிக்க ஆரம்பித்தது. 4.3 கிகாவாட் திறன். சோலார் செல்லின் மேல் மெல்லிய கோடுகள் தெரியுமே, வெள்ளிப் பேஸ்ட்டில் போட்டவை. நம்மூரில் மஞ்சப்பைக்கு அச்சடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான், கோடு மட்டும் தலைமுடியைவிட மெல்லிசு. அப்புறம் சூளையில் சில விநாடி, எழுநூறு எண்ணூறு டிகிரி. பேஸ்ட்டில் பெரும்பங்கு வெள்ளி; பசை சொச்சம்தான். அந்தச் சொச்சம் சொதப்பினால் வெள்ளிக் காசு பாழ்.

உதிரி பாகங்களை இங்கேயே செய்யவேண்டும் என்று 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 22,919 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் போட்டது. நல்ல காரியம். ஆனால் சூளையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பசையின் பக்குவத்தை, மாமியார் ஊறுகாய்ப் பக்குவத்தைச் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்கள். ஒரு சாமானை மறைத்துவிட்டு. அதை நம் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தால்தான் உண்டு.

போன் பிழைத்தது. அந்தக் கடுகுப் பயல் இல்லாமலேயே மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்களாம். இருபதாம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் போட்டேன். தம்பி ஐந்நூறு ரூபாய் வாங்கினான். பில் கேட்டேன். சிரித்தான்.

சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்திருக்கிறேன்.