ரெண்டு ஜோக்கர் இருந்துச்சு சார்

கூடலூர் முதல் தேனி வரை எந்தக் கல்யாண மண்டபமானாலும் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மாடியில் ஒரு ஜமக்காளம் விரித்திருக்கும். ஐந்தாறு பேர் சம்மணம் போட்டு ரம்மி ஆடிக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரும் வேண்டி நிற்பது ஜோக்கரை. எனக்கு அந்தச் சீட்டின் மேல் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். ஆளைக் கெடுக்கிற சீட்டு அதுதான் என்பது என் கட்சி.

கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண்ணிப் பார்க்காமல் விடுவேனா? ரெண்டு கட்டு, கட்டுக்கு ஒரு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. ஒன்றை உருவி மல்லாத்தி வைக்கிறோம். அது ராணி என்றால் ராணி எல்லாமே ஜோக்கர். மல்லாந்து கிடப்பது போக ராணி ஏழு, அச்சடித்த ஜோக்கர் ரெண்டு, ஆக ஒன்பது. ஆளுக்குப் 13 சீட்டு போட்டால் சராசரிக்கு ஒரு ஜோக்கர் வருகிறது. பத்துக் கையில் ஏழு கைக்குக் குறையாமல் ஒன்றாவது இருக்கும். நமக்கு வந்ததைப் பார்த்துப் பூரிக்கிறோமே, எதிரே இருப்பவரும் பெரும்பாலும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறார்.

ஜோக்கர் எந்த ஓட்டையையும் அடைக்கும், ஒரிஜினலைத் தவிர. (ஆர்ட்டின் ராணி ஆர்ட்டின் ஜாக்கிக்கும் ராஜாவுக்கும் நடுவில் தன் இடத்திலேயே உட்கார்ந்தால் அது ஒரிஜினல்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் விடிய விடியச் சண்டை போட்டவர்கள் உண்டு.) ஒரிஜினல் சேராவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. கையில் உள்ளதை எல்லாம் எண்ணி 80 வரைக்கும் ஏற்றிவிடுவார்கள். முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40.

இப்போது ஒரு கையை நினைத்துப் பாருங்கள். ரெண்டு ஜோக்கர், ஆனால் ஒரே ஜாதியில் அடுத்தடுத்து ரெண்டு சீட்டுகூட இல்லை. 20 கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டிய கை அது. யார் எழுந்திருக்கிறார்கள்? ஜோக்கர் இல்லாதவன் தைரியமாக ஸ்கூட் விடுகிறான். ஜோக்கர் வைத்திருப்பவன் உட்கார்ந்திருந்து 80 வாங்குகிறான்.

சிகந்திராபாத் கிளப் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. விழுகிற சீட்டை ஞாபகம் வைப்பது, எதை வைத்து எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது, இதெல்லாம் மூணு சீட்டில் கிடையாது என்பது அதன் நியாயம். எனக்கும் சம்மதமே. ஆனால் அந்தத் திறமையில் பாதி, எப்போது கையைக் கீழே வைப்பது என்று தெரிவதில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் ஜோக்கர் மறைத்துவிடுகிறது.

மண்டபத்தில் பின்னால் ஒரு மாமா நிற்பார். "போதும் மாப்ள, எந்திரி, காலைல முகூர்த்தம்" என்பார். போனில் மாமா ஏது? குலுக்கிப் போடுகிற நேரம்கூட இல்லை, அடுத்த கை உடனே வந்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கிராஜுவிட்டியில் பாதிக்கு மேல் அதில் விட்டார். விசாரித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "ரெண்டு ஜோக்கர் இருந்துச்சு சார்."

நம் மாநிலம் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் போட்டது. திறமை ஆட்டமான ரம்மிக்கு அது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது. காலை நடையில் இதற்காக முணுமுணுக்கிற பென்ஷன்தாரர்கள் சிலர் உண்டு. அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, நான் அந்தச் சட்டத்தின் பக்கம்.

லீவுக்கு வந்திருக்கும் பேத்திக்கு ரம்மி சொல்லிக்கொடுக்கிறேன். பந்தயம் புளியங்கொட்டை. ஜோக்கர் ரெண்டையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், சீட்டை மல்லாத்தி வைப்பதும் இல்லை. "ஜோக்கர் இல்லாம என்ன தாத்தா ரம்மி?" என்று தினமும் சண்டை. நேற்று முதல் தடவையாக, கையைப் பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கி, 20 கொட்டையை எண்ணி என் பக்கம் தள்ளினாள்.