முழம் என்ன விலை, அக்கா?

தராசில் அரசாங்க முத்திரை இல்லையென்றால் அபராதம். பெட்ரோல் பங்கில் அளவு குறைந்தால் வழக்கு. ஆனால் எந்த அதிகாரியாலும் முத்திரை குத்த முடியாத ஒரு அளவுகோல் இன்னமும் இருக்கிறது. பூக்கார அக்காவின் முழங்கை! அந்தக் கைக்கு என்ன நீளம் என்று அறந்தாங்கியில் தினம் சாயங்காலம் பஞ்சாயத்துதான்.

இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. 'பூ விலை வீழ்ச்சி, விவசாயிகள் கவலை' என்று காலையில் பேப்பரில் படித்துவிட்டு, ஆபீஸ் விட்டு வரும்போது, "விலைதான் விழுந்துடுச்சே, முழம் ஏன் குறையலை?" என்று மடக்குகிற ஆசாமியா நீங்கள்? நானும் ஒரு அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பூ விலை விழுந்துச்சு தம்பி. நூல் விலை விழுந்துச்சா? கட்டுற என் கை என்ன சும்மாவா கட்டுது?"

பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்காகக் கணக்கைப் பிரித்துச் சொல்கிறேன்.

பூவுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செண்டி என்று தோட்டம் தோட்டமாக விளைகிறது. பறித்த கையோடு கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் போகும். அங்கே விலை சொல்வது வியாபாரி இல்லை, காலண்டர்! முகூர்த்தம், ஆயுதபூஜை என்றால் ஏறும். ஆடி, மார்கழி என்றால் கல்யாணம் கிடையாது, இறங்கும். தை மாதம் பனியில் மல்லி மொட்டு குறைவு. அதே மாதத்தில்தான் ஊரெல்லாம் மேளச் சத்தம். மதுரை மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது அப்போதுதான். வெயில் காலத்தில் செடி அள்ளிக் கொடுக்கும், விலை கிள்ளிக் கொடுக்கும்.

விலை இறங்கினாலும் பறிகூலி இறங்காது. விற்ற காசு பறிகூலிக்கே காணாது என்றால் விவசாயி என்ன செய்வார்? செண்டியையும் சம்பங்கியையும் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார். குளிர்சாதனக் கிடங்கு வேண்டும், சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் நாள்பட்ட கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் சத்தியமங்கலம் பக்கம் ஓடுகின்றன. ஒரு கிலோ சாறுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். மிஞ்சும் பூவுக்கு அது ஒரு வழி.

இவர்கள் தாங்கியது கொஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையோடு பூந்தோட்டத்தையும் போட்டுப் புரட்டியது. 2020 ஊரடங்கில் கோயில் கதவும் சாத்தி, கல்யாண மண்டபமும் பூட்டி, பூத்த பூ செடியிலேயே நின்றது.

மறுபடி அக்காவிடம் வருவோம். காலேஜில் க்ளோசிங் ஸ்டாக் போடும்போது, 'அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது' என்று சொல்லிக் கொடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, வாடிய மல்லிக்குச் சந்தை விலை பூஜ்யம்! பத்து முழம் கட்டினால் எட்டு விற்று முதலை எடுத்து, மிச்ச இரண்டில்தான் வீட்டு அடுப்பு எரியணும் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு மழை அடித்தால் அந்த இரண்டும் போச்சு.

அந்த முதலும் பல பேருக்குக் கடன்தான். காலையில் கையில் 900, சாயங்காலம் திருப்பும்போது 1,000. பாங்க் ஒரு வருஷத்துக்குப் போடுகிற வட்டியை ஒரே பகலில் கறந்துவிடுகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. சட்டத்துக்கு விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது!

தெருவோர வியாபாரிகளுக்காக 2020ல் பி.எம். ஸ்வநிதி என்று ஒரு கடன் திட்டம் வந்தது. ஈடு எதுவும் கேட்காமல் முதலில் 10,000 ரூபாய். 2025ல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடன் இன்னும் பெரிசு, வட்டியில் மானியமும் உண்டு. நகராட்சியில் விசாரித்து, மனு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஆபீஸில் ஊரான் ஃபைலை எல்லாம் எழுதுகிற நமக்கு இது ஒரு அரைமணி நேர வேலை.

அதற்கும் நேரமில்லையா? குறைந்தபட்சம், அக்கா அளக்கும்போது முழங்கையை முறைக்காமல் இருங்கள். வீட்டில் "என்ன இது, இவ்வளவு சின்ன முழம்?" என்று கேட்டால், "அக்காவுக்குக் கைதான் சின்னது, கணக்கு பெரிசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.