அக்காவின் லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க!



உங்க வீட்டு பீரோ மேல ஒரு பழைய அரசு லேப்டாப் தூசி படிஞ்சு கிடக்குதா? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதா? எங்க வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆன் பண்ணிட்டு கடைக்குப் போய் பால் வாங்கி வந்தாலும் திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "பேசாம எடைக்குப் போட்டுரலாம்ப்பா" என்றார் அப்பா. நான் விடவில்லை.

என் கருத்து இதுதான்: இந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க். அது சுழலும் தட்டு. லேப்டாப்பில் பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு குட்டிக் கை அதன்மேல் அங்கேயும் இங்கேயும் ஓடி ஒவ்வொன்றையும் தேடி எடுக்கணும். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி 50 தட்டுகளோடு முதல் டிஸ்க்கைக் கொண்டுவந்த காலத்து முறைதான்! எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவுமே கிடையாது. பென் டிரைவில் இருக்கிற வகை சிப்புதான். ஹார்டு டிஸ்க் பத்து மில்லி செகண்ட் தேடுவதை இது அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடும். பஸ் குலுக்கலுக்கும் அவ்வளவாகப் பயப்படாது. (அக்கா திருமங்கலத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போனதை நினைத்தால், டிஸ்க் இத்தனை நாள் தாங்கியதே அதிசயம்.)

வாங்கும்போது "2.5 இன்ச் சாட்டா" என்று கேளுங்க. எம்.2 என்று சூயிங்கம் மாதிரி நீளமாக ஒன்று இருக்கு. பழைய மாடலில் அதை மாட்ட பெரும்பாலும் இடமே இருக்காது. பெயர் தெரியாத கம்பெனி, கொள்ளை மலிவு என்றால் உஷார். உள்ளே வெறும் மெமரி கார்டை ஒட்டி விற்கிற போலிகள் உண்டு. டவுன் ஹால் ரோடு பக்கம் வாங்கினாலும் சரி, எங்கே வாங்கினாலும் சரி, பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்க. ராம் 2 ஜி.பி.தான் என்றால் அதையும் கூட்டணும், இல்லாட்டி முழுப் பலன் கிடைக்காது.

"விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு தம்பி, புதுசே வாங்கு" என்பார்கள். லினக்ஸ் இருக்கே! சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம்ம அரசு லேப்டாப்புகளிலேயே போட்டுத் தந்ததுதான். நாமதான் அதைத் திறந்தே பார்க்கல.

ஒரு பயமும் உண்டு. எஸ்.எஸ்.டி. சில சமயம் சொல்லாம கொள்ளாம செத்துப்போகும். அதனால் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு கேஸ் வாங்கி மாட்டினால் யு.எஸ்.பி. வழியாகவே படிக்கலாம். அக்காவின் காலேஜ் போட்டோ எல்லாம் எங்களுக்கு அதில்தான் இருக்கு.

கடைசியா, கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு விண்ணப்பம். லேபில் மெஷின் ஆன் ஆகிறதுக்குள்ள பாதி பீரியட் போயிருது சார். ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் போட்டுப் பார்ப்போமா? ஸ்க்ரூ டிரைவர் நான் கொண்டு வர்றேன்.

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்