புத்தகச் செலவில் உங்கள் பங்கு எங்கே?



கணவனும் மனைவியும் ஒரு நாள் வெளியே போய் வருவதென்றால் இன்றைய விலைவாசியில் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஓட்டோக் கூலியும் கடைச் சாப்பாடும் ஒரு கிழமைச் செலவை விழுங்கிவிடும். பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இருவர் மட்டும் புறப்படும் நாளோ வருடத்தில் ஒன்றோ இரண்டோதான். கொழும்பிலும் அதனைச் சூழவும் இருப்பவர்களுக்கு அந்த நாளுக்கு நான் சொல்லும் யோசனை, கழிவு விலையில் புத்தகம் வாங்கப் போவது.

கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி 1999ஆம் ஆண்டு தொடங்கியது. பௌத்தாலோக மாவத்தையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், வழக்கமாகச் செப்டம்பரில் நடைபெறும். பெரும்பாலான கூடங்களில் 20 வீதக் கழிவு கிடைக்கும். வெளியீட்டாளரே நேரில் விற்பதால், இடையில் கடைக்காரருக்குப் போகும் பங்கில் ஒரு பகுதியை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்க முடிகிறது. இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப் புத்தகங்களில் மட்டும் கவனம் தேவை. அட்டையில் இருப்பது இந்திய விலை. அதை நமது காசுக்கு மாற்றும் கணக்கு கடைக்குக் கடை வேறுபடும். ஆகவே எத்தனை வீதக் கழிவு என்று கேட்காமல், “கழிவு போக எவ்வளவு?” என்று கேளுங்கள்.

நானும் கணவரும் ஒரு சனிக்கிழமை போனோம். வெள்ளவத்தையில் 154 பஸ்ஸில் ஏறினால் மண்டபத்துக்கு முன்னாலேயே இறங்கலாம். மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டோம். புத்தகத்துக்கென்று மூன்று மாதமாகச் சேர்த்த 4000 ரூபாய் கையில் இருந்தது. புறப்படும் முன்பே அதைப் பிரித்துக்கொண்டோம். அவருக்கு 1500, எனக்கு 1500, பிள்ளைகளுக்கு 1000.

இந்தப் பிரிப்பைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கண்காட்சியில் ஒரு தாயைக் கண்டேன். நாவல் ஒன்றை எடுத்து, நின்றபடியே இரண்டு மூன்று பக்கம் வாசித்தார். பின் அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். அடுத்த கூடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் புத்தகங்கள் நான்கை வாங்கினார். அந்த நான்கின் விலை நாவலின் விலையை விடக் கூடவாகவே இருந்திருக்கும். கணவர் பக்கத்திலேதான் நின்றார். அவர் மறுக்கவில்லை, தடுக்கவுமில்லை. அந்தத் தாய் அவரிடம் கேட்கவே இல்லை.

என் வேலையில் இதைத் தினமும் காண்கிறேன். மாதர் சங்கக் கூட்டங்களில், “கலியாணத்துக்குப் பிறகு உங்களுக்கென்று ஒரு புத்தகம் வாங்கினீர்களா?” என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். சீட்டுக் காசு கட்டுவதிலும் கடனை அடைப்பதிலும் கெட்டிக்காரிகளான பெண்கள் அவர்கள். காசு குறையும்போது தங்கள் தேவையைத்தான் முதலில் வெட்டுவார்கள். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பிறகு கொப்பி, புத்தகம் எல்லாவற்றினதும் விலை ஏறியது. பிள்ளையின் கொப்பிக்கே காசு தேடும் வீட்டில் தாய்க்கு ஒரு நாவல் என்பது ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் தாய் வாசிப்பதைக் காணாத பிள்ளை, வாசிப்பைப் பரீட்சைக்கான வேலை என்றுதான் நினைக்கும்.

எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்தமாகப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று வேர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வாதிட்டார். நம் வீடுகளில் அறையை உடனே கேட்க முடியாது. ஒரு சிறு தொகையையாவது கேட்கலாம். அது எவ்வளவு என்பதை விட, முன்கூட்டியே பிரித்து வைக்கப்படுவதே முக்கியம். கடைக்குப் போன பிறகு பிரிக்க நினைத்தால் தாயின் பங்கு கரைந்துவிடும்.

அன்று நானும் பிள்ளைகளுக்கான ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். “அது பிள்ளையளின்ர காசில வரட்டும். உம்முடைய காசில உமக்கு வாங்கும்” என்றார் கணவர். 1200 ரூபாய் விலையுள்ள மலையகச் சிறுகதைத் தொகுப்பொன்று கழிவு போக 960 ரூபாய்க்குக் கிடைத்தது. மர நிழலில் சாப்பிட்டுவிட்டு, பொரளைக்குப் போய் பஸ் மாறி மருதானைக்குப் போனோம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் பொறுமை வேண்டும். தமிழ்ப் புத்தகங்கள் சிங்கள, ஆங்கிலப் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கும். பக்கங்கள் குறைகின்றனவா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மொஸ்கோ வெளியீடான பழைய ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்பொன்றும் ஒரு சமையல் புத்தகமும் 500 ரூபாய்க்குக் கிடைத்தன. என் பங்கில் 40 ரூபாய் மிச்சம்.

வாங்கினால் மட்டும் போதாது, வாசிக்க நேரமும் வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பியதும் தொடங்கும் வேலையை, அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட நூலில் ‘இரண்டாவது ஷிப்ட்’ என்று அழைத்தார். அந்த ஷிப்டைப் பகிராத வீட்டில் மனைவியின் புத்தகம் அலுமாரியில் தூசி பிடிக்கும். எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு இரவுகள் பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகளின் வீட்டுப் பாடம் பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. அந்த ஒரு மணித்தியாலம் என் வாசிப்புக்கு.

தூர இடங்களில் இருப்பவர்கள் பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவராகலாம். கைத்தொலைபேசியில் இணைய வசதி இருந்தால், 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இந்த மாதச் செலவுக் கணக்கை எழுதும்போது, பிள்ளைகளின் கொப்பிக்குக் கீழே உங்கள் பெயருக்கும் ஒரு வரி விடுங்கள். நூறு ரூபாயானாலும் எழுதுங்கள். கணவரும் பார்க்கும்படி எழுதுங்கள்.